கடன் இல்லாமல் தீபாவளிச் சீர்



ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "சார்பு நிதியிலிருந்து எனக்கு ஏதாவது கிடைக்குமா? தீபாவளி வருது, பொண்ணுக்குச் சீர் செய்யணும்." குழுவில் கிடைக்கவில்லை என்றால் அடுத்து என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தோடு அடகுக்குப் போகும், அல்லது தெருவில் பைக்கில் வருகிற வட்டிக்காரரிடம் கை நீளும்.

பண்டிகை ஒருநாள். அதற்கு வாங்கிய கடன் எத்தனை நாள்? இந்தப் பாடத்தில் அதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

ஒரு அக்காவின் கணக்கு

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு அக்கா, கட்டிக்கொடுத்த மகளுக்குத் தீபாவளிச் சீர் வைத்தார். மகளுக்குப் பட்டுச்சேலை 4,500 ரூபாய். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை 2,000. பேத்திக்குப் பாவாடை சட்டை 1,000. சம்பந்தியம்மாவுக்குச் சேலை 1,500. பட்டாசு 2,000. கடைப் பலகாரம் 1,000. மொத்தம் 12,000 ரூபாய். கையில் ஒரு ரூபாய்கூட இல்லை. எல்லாமே ஐந்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வாங்கியது.

மாதம் 600 ரூபாய் வட்டி. ஐப்பசியில் வாங்கிய கடனுக்குச் சித்திரை வரை 6 மாதத்தில் 3,600 ரூபாய் கட்டினார். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. சேலை பீரோவில் இருந்தது, பட்டாசு அன்றைக்கே புகையாகிவிட்டது, வட்டி மட்டும் மாதம் தவறாமல் வாசலுக்கு வந்தது. இரண்டு கூட்டத்துக்கு அந்த அக்கா வரவே இல்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் அழுதுகொண்டே சொன்னார்.

குழு கூடிப் பேசியது. உள்கடனாக 12,000 ரூபாய் கொடுத்து வட்டிக்காரர் கணக்கை முடிக்க வைத்தது. மாதம் 1 வட்டி, அசலில் மாதம் 1,200 வீதம் 10 தவணை. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டதால் 10 மாதத்துக்கும் சேர்த்து வட்டி 660 ரூபாய்தான். வெளியில் 10 மாதம் ஓடியிருந்தால் வட்டியே 6,000 ஆகியிருக்கும், அசல் அப்படியே நின்றிருக்கும்.

மகளிடம் மனம்விட்டுப் பேசினார்

பணக் கணக்கு தீர்ந்தது. ஆனால் அடுத்த தீபாவளி வருமே? "சீர் குறைஞ்சா எம்பொண்ணுக்கு அந்த வீட்டுல மதிப்பு இருக்குமா?" என்று அந்த அக்கா கேட்டார். இது நியாயமான பயம். இதை "வீண் ஆடம்பரம்" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. சீர் என்பது வெறும் துணிமணி இல்லை. "உனக்குப் பிறந்த வீடு இருக்கு" என்று தாய் மகளுக்குச் சொல்கிற சேதி அது.

அதனால் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: "மகளிடமே உண்மையைச் சொல்லுங்கள்." ரொம்பத் தயங்கிப் போனார். மகள் கேட்டதும் சொன்ன வார்த்தை: "வட்டிக்கு வாங்கி எடுத்த சேலையாம்மா அது? தெரிஞ்சிருந்தா நான் கட்டியிருக்கவே மாட்டேனே!"

அந்த வருடம் வீட்டில் சுட்ட அதிரசமும் முறுக்கும் மட்டும் போனது. சம்பந்தியம்மா முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மை. மகளே முன்வந்து, "இந்த வருசம் எங்கம்மாவுக்கு முடியல அத்தை" என்று சொல்லிவிட்டாள். பேச்சு அதோடு முடிந்தது.

கடன் அடைந்ததும் தை மாதத்திலிருந்து வாரம் 100 ரூபாய் தனியாகச் சேர்த்தார். 40 வாரத்தில் 4,000 ரூபாய். அதற்குள் சீர் இப்படி அமைந்தது:

மகளுக்குக் கைத்தறிப் பருத்திச் சேலை – 1,200
மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை – 1,000
பேத்திக்கு உடுப்பு – 600
சம்பந்தியம்மாவுக்கு ரவிக்கைத் துணியோடு தாம்பூலம் – 200
பட்டாசு – 500
வீட்டுப் பலகாரத்துக்குச் சாமான் – 500

மொத்தம் 4,000. கடன் பூஜ்ஜியம். விரலுக்கேத்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தானே!

நாம் என்ன செய்யலாம்?

1. முதலில் பட்டியல், பிறகு கடை. யாருக்கு, என்ன, எவ்வளவு என்று வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். கணவரையும் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். தொகை தாண்டினால் பொருளைக் குறையுங்கள். கடனைக் கூட்டாதீர்கள்.

2. குழுவிலேயே பண்டிகைச் சேமிப்பு. வழக்கமான சந்தாவோடு கலக்காமல் தனி ஏடு, தனி வரவு. வாரம் 50 ரூபாய் என்றாலும் 40 வாரத்தில் 2,000 ரூபாய். தீபாவளிக்கு 3 வாரம் முன்பே பிரித்துக் கொடுத்துவிட்டால் கடைசி நேரக் கூட்டத்தில் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

3. பலகாரம் சேர்ந்து சுடுவோம். ஐந்தாறு பேர் சேர்ந்து அரிசி, வெல்லம், எண்ணெயை மொத்தமாக வாங்கினால் விலை குறையும், வேலையும் பாதியாகும். அதிரசத்துக்கு 1 கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்ற அளவு போதும். பாகு பதம் தெரிந்த பாட்டி ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது!

4. துணி எடுக்கும்போது. கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி தருகிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். நம் காசு நெசவாளர் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

5. தீபாவளிச் சீட்டில் எச்சரிக்கை. "மாதம் கட்டுங்கள், தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, பாத்திரம், தங்கக்காசு" என்று வருபவரிடம் உடனே பணம் கொடுக்காதீர்கள். சீட்டுக் கம்பெனி 1982-ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணையும் ரசீதையும் கேளுங்கள். தர மறுத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

6. வட்டிக்காரர் மிரட்டினால் தனியாகத் தவிக்காதீர்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. குழுவிலும் கூட்டமைப்பிலும் சொல்லுங்கள். சேர்ந்து காவல் நிலையத்துக்குப் போவோம்.

அன்பா, கட்டாயமா?

தாய் மனமுவந்து கொடுப்பது சீர். "இது வரலன்னா உன் பொண்ணை வந்து கூட்டிட்டுப் போ" என்று கேட்டு வாங்குவது சீர் அல்ல, கொடுமை. அப்படி ஒரு நிலை நம் மகளுக்கு வந்தால் இன்னும் கடன் வாங்கிக் கொடுப்பது அதைத் தீர்க்காது. இந்த வருடம் கொடுத்தால் அடுத்த வருடம் கூடுதலாகக் கேட்பார்கள். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யலாம். குழுவும் கூட நிற்கும்.

நாமும் நாளைக்கு மாமியார்தான். மருமகள் வீட்டிலிருந்து வரும் தட்டை எண்ணிப் பார்க்காமல், வந்த சம்பந்தியம்மாவை உட்காரவைத்து வயிறார ஒருவேளைச் சோறு போடுவோம். ஒரு வீட்டில் இது தொடங்கினால் தெருவுக்கே பழகும்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

• போன தீபாவளிக்கு நாம் செய்த செலவு எவ்வளவு? அதில் கடன் எவ்வளவு?
• அந்தக் கடன் அடைய எத்தனை மாதம் ஆனது? வட்டி மட்டும் எவ்வளவு கட்டினோம்?
• சீரில் எதைக் குறைத்தால் மகள் வருத்தப்பட மாட்டாள்? அவளிடமே கேட்டோமா?
• நம் குழுவில் பண்டிகைச் சேமிப்பை எந்த வாரத்திலிருந்து தொடங்கலாம்?

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். கணக்கைப் புளியங்கொட்டை வைத்து எண்ணிக் காட்டினால் எல்லோருக்கும் எளிதாகப் புரியும். பேசி எடுத்த முடிவைத் தீர்மான ஏட்டில் எழுத மறக்காதீர்கள்.

அந்த அக்கா இப்போது எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறார். பண்டிகைச் சேமிப்பு ஏடு அவர் கையில்தான் இருக்கிறது.