சுவர் குடித்து முடிக்கட்டும்

உள்பூச்சை நாமே பூசிப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் கூடத்துச் சுவரில் கை வைக்காதீர்கள். மாடிப்படிக்குக் கீழே, பீரோ மறைக்கப்போகிற சுவர் என்று ஏதாவது ஒன்றில் பழகுங்கள். நான் பழகியது பின்கட்டில் புதிதாக எடுத்த சாமான் அறையில். கூட நின்று சொல்லித்தர ஒரு வயதான கொத்தனார் இருந்தார். கரணையைத் தருவதற்கு முன் அவர் என் கையில் கொடுத்தது தண்ணீர்க் குழாயை. "சுவரு குடிச்சு முடிக்கட்டும் தம்பி. இல்லேன்னா உங்க கலவையைக் குடிச்சிரும்."

காய்ந்த செங்கல் சாந்திலிருக்கும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். சிமென்ட் இறுக ஈரம் போதாமல், பூச்சு பிறகு உரசினாலே உதிரும். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். அதற்காகச் சொட்டச் சொட்ட நனைத்தாலும் ஆகாது, சாந்து வழுக்கி இறங்கிவிடும். நனைத்து, மேல்மினுமினுப்பு அடங்கியதும் தொடங்க வேண்டும். கான்கிரீட் தூண் அப்படிக் குடிக்காது. பிடிப்புக்கு அதைக் கொத்திவிட வேண்டும். தூணும் செங்கலும் சேருமிடத்தில் கோழிவலை அடிக்காவிட்டால், அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். வயரிங் பைப்புக்குக் காடி எடுப்பதெல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பூச்சுக்கு பி-சாண்ட் வாங்குங்கள். எம்-சாண்ட் பருமணல், கான்கிரீட்டுக்கானது. சிமென்ட் 1, மணல் 5. 50 கிலோ மூட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி; அந்தக் கணக்கில் பெட்டியால் அளக்கலாம். ஆனால் பழகுகிறவர் முழு மூட்டையைக் கொட்டிக் கலக்குவது வீண். அரை மணி நேரத்தில் பூசக்கூடியதை மட்டும் கலக்குங்கள். இறுக ஆரம்பித்த கலவையில் தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் பார்வைக்குச் சாந்து, பலத்தில் மண்.

தூக்குக்குண்டு விட்டு, 12 மில்லிமீட்டர் கனத்துக்கு அங்கங்கே புள்ளி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாந்தைத் தடவக் கூடாது, அடிக்க வேண்டும். தோளிலிருந்து வீசினால் பாதி தரைக்குப் போகும். மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று திருப்பினால் 'சப்'பென்று உட்காரும். சுவரோரம் தார்ப்பாய் விரித்திருந்தால் விழுந்ததை உடனே அள்ளிக்கொள்ளலாம். கையுறை போடுங்கள், சிமென்ட் தோலை அரிக்கும். கொத்தனார் சிரிப்பார், சிரிக்கட்டும்.

மட்டப்பலகையைப் புள்ளிகளின் மேல் வைத்துக் கீழிருந்து மேலாக, இடமும் வலமும் ஆட்டியபடி இழுங்கள். பள்ளம் தெரிந்த இடத்தில் சாந்து வைத்து மறுபடி இழுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: தடம் லேசாகப் பதிய வேண்டும், சாந்து விரலில் ஒட்டி வரக் கூடாது. அதற்கு முன்பே மணியாசுக் கட்டையைப் போட்டால் சாந்து பெயர்ந்து வரும். ரொம்பத் தாமதித்தால் கட்டை வெறுமனே கீறும். பதம் வந்ததும் வட்டம் வட்டமாகத் தேய்க்கலாம். சீக்கிரம் இறுகட்டும் என்று காய்ந்த சிமென்டைத் தூவித் தேய்ப்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. மேல்தோல் மட்டும் சுருங்கி முடிவெடிப்பு வரும்.

மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாள் தண்ணீர் அடிக்க வேண்டும். வெயில் காலமென்றால் ஜன்னலை மூடி வையுங்கள், அனல்காற்று ஈரத்தை இழுத்துவிடும். பட்டி பார்க்க அவசரப்படாதீர்கள். கறுத்த திட்டு ஒன்றுகூட இல்லாமல் சுவர் முழுக்க ஒரே நிறத்துக்கு வெளுத்த பிறகு ஆளைக் கூப்பிட்டால் போதும். சீலிங்கை நான் கொத்தனாரிடமே விட்டுவிட்டேன்.