கூட்டமா, கும்பலா?

கேள்வி: ஒரே நிகழ்ச்சியில் திரண்டவர்களை ஓர் ஆங்கில நாளிதழ் 'கிரவுட்' என்கிறது, இன்னொன்று 'மாப்' என்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. யார் திரண்டாலும் 'கிரவுட்'தான். அதில் பழிப்பு இல்லை. 'மாப்' வசைச்சொல். சட்டென்று மனம் மாறும் பாமரத் திரளைக் குறித்த 'மொபிலே வுல்குஸ்' என்ற லத்தீன் தொடரை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் சுருக்கியதில் பிறந்தது. 18ஆம் நூற்றாண்டில் ரொட்டி விலை உயர்ந்ததற்காகத் தெருவில் இறங்கிய ஏழைகளை மேட்டுக்குடியினர் அப்படித்தான் ஏசினார்கள். அந்த ஏழைகளிடம் தெளிவான கோரிக்கையும் ஒழுங்கும் இருந்ததை ஜார்ஜ் ரூடே, இ.பி. தாம்ப்சன் ஆகிய வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டினார்கள். 'கிரவுட்' என்ற சொல்லையே தங்கள் தலைப்புகளில் வைத்தார்கள். அடித்துக் கொல்பவர்களை 'மாப்' என்பது தகும். கூலி கேட்டு நிற்பவர்களை அப்படி எழுதுவது அநியாயம்.