பின்னணி இசைக்குப் பியானோ ஒன்றே போதுமா?

திரைப்படப் பின்னணி இசை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு பெருங்கூட்டம். வரிசை வரிசையாக வயலின்கள், ஊதுகருவிகள், முரசுகள், நடுவே கோலுடன் நிற்கும் ஒருவர். இத்தனையும் கூடினால்தான் படத்துக்கு இசை அமையும் என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஒரே பியானோவைக் கொண்டும் அமைக்கலாம். அதுவும் மரமும் கம்பியுமாய் எதிரே நிற்கும் பியானோவன்று. கணிப்பொறிக்குள் பதிந்து வைக்கப்பட்டுள்ள அதன் ஒலியே போதும். எவ்வாறு என்பதை நான் பயின்று அறிந்த அளவில் இங்குக் கூற விழைகிறேன்.

முதலில் கருவியின் இயல்பை நோக்குவோம். 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தலொமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் உருவாக்கியது பியானோ. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்டும். தட்டிய கணமே ஒலி உச்சத்தை அடைந்து, உடனே தேயத் தொடங்கிவிடும். வயலின்காரர் வில்லின் அழுத்தத்தால் ஒரு சுரத்தை வளர்க்கலாம். நாதசுரக்காரர் மூச்சால் வளர்க்கலாம். பியானோ வாசிப்பவருக்கு அந்தப் பேறு கிடையாது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லவும் இயலாது. ஆகவே நம் கமகம் அதற்கு எட்டாக்கனி. பிறந்த உடனே தேயும் ஒலி என்ற இந்த ஒரு குணத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

கணிப்பொறிப் பியானோ என்பது பொம்மை ஒலியன்று. உண்மையான பியானோவின் சுரங்களைத் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்து, கட்டையை அழுத்தும்போது உரிய பதிவு ஒலிக்குமாறு செய்திருப்பார்கள். இப்பதிவுகளையே சாம்பிள் என்கிறோம். விலையின்றிக் கிடைக்கும் சலமாண்டர் என்ற தொகுப்பையே நான் பயன்படுத்துகிறேன். யமஹா நிறுவனத்தின் பெரிய பியானோ ஒன்றிலிருந்து எடுத்தது அது. 88 கட்டைகளையும் பதிவு செய்யாமல், மூன்று கட்டைக்கு ஒன்றாக 30 சுரங்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள். இடைப்பட்ட சுரங்களுக்கு அருகிலுள்ள பதிவையே சற்று விரைவாகவோ மெதுவாகவோ ஓட்டினால் போதும். அரைச் சுரம் உயர்த்த ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூட்டவேண்டும். ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் மென்மை முதல் வன்மை வரை 16 நிலைகளில் வாசித்திருக்கிறார்கள். ஏன் இத்தனை? ஓங்கித் தட்டும்போது ஒலியின் அளவு மட்டுமன்றி நிறமும் மாறுகிறது; மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையடைகிறது. மெல்லிய பதிவை உரக்க ஒலிக்கச் செய்தால் அது வன்மையாகாது. பக்கத்தில் நின்று கேட்கும் மென்மையாகவே இருக்கும். இந்த உண்மை பின்னணி இசைக்கு மிகவும் பயன்படுவது.

நிற்க. பியானோ ஒன்றையே நம்பிய படம் உண்டா? 1974இல் வெளிவந்த ‘த கான்வர்சேஷன்’ என்னும் அமெரிக்கப் படத்தைச் சொல்வேன். இயக்கியவர் பிரான்சிஸ் ஃபோர்டு கோப்பலா. இசை டேவிட் ஷயர். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்வதையே தொழிலாகக் கொண்ட ஹாரி கால் என்பவனின் கதை அது. ஜீன் ஹேக்மன் நடித்தார். எவரையும் நம்பாமல், வீட்டில் தனியே அமர்ந்து சாக்ஸபோன் ஊதும் மனிதன். அவனுக்குப் பெரிய இசைக்குழு எதற்கு? கோப்பலா பியானோ மட்டும் போதும் என்றார். ஷயரும் படப்பிடிப்புக்கு முன்பே இசையை எழுதிவிட்டார். ஒற்றைப் பியானோ அவனுடைய தனிமையாகவே மாறிவிடுகிறது. சில இடங்களில் பியானோவின் ஒலியை நாடாவில் பதிந்து உருக்குலைத்தும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாடாவே பிழைப்பாகக் கொண்டவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேறு உண்டோ!

சென்ற ஆண்டு நண்பர்கள் சிலர் எடுத்த குறும்படத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் ஒருவர், உரியவரிடம் சேர்க்க இயலாமல் தம்மிடமே தங்கிவிட்ட கடிதம் ஒன்றைப் பல ஆண்டுகளுக்குப்பின் பிரிக்கிறார். அந்தக் காட்சி 40 வினாடி. 25ஆம் வினாடியில் உறை கிழிகிறது. நிமிடத்துக்கு 72 அடி என்று காலத்தை வைத்துக்கொண்டேன். வினாடிக்கு 24 படங்கள் ஓடுவதால் ஓர் அடிக்குச் சரியாக 20 படங்கள் வரும். 25 வினாடிக்கு 30 அடி. நான்கடித் தாளமாயின் உறை கிழியும் இடம் சுற்றின் நடுவே விழுந்துவிடும். மூன்றடித் தாளமாயின் பத்துச் சுற்று முடிந்த இடத்தில் வந்து அமரும். முழுக் காட்சியும் பதினாறு சுற்றில் முடியும். இசைக்கு இத்துணைக் கணக்கா என்று கேட்பீர்கள். கணக்கு முடிந்த பிறகே எனக்குக் கற்பனை ஓடியது.

இயக்கிய நண்பருக்கும் எனக்கும் வாதம் எழுந்தது இவ்விடத்தில்தான். உறை கிழியும்போது வயலின்கள் பொங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். கணிப்பொறியில் வயலின் ஒலிகளும் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் திரையில் அந்தப் பெரியவர் அழவில்லை. அவர் அழாதபோது, பார்ப்பவரை அழச் சொல்ல நாம் யார்? எட்டாம் சுற்றின் முடிவில், அதாவது 20ஆம் வினாடியில், மிக மெல்லிய பதிவில் ஒரே ஒரு சுரத்தை வைத்து, மிதியை அழுத்தியபடி விட்டுவிட்டேன். ஐந்து வினாடி அது தேய்கிறது. அதன் கடைசி இழை கரையுமிடத்தில் காகிதம் கிழியும் ஓசை கேட்கிறது. பார்த்துவிட்டு நண்பர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வயலினைக் கேட்கவுமில்லை.

தேயும் ஒலியை வளரும் ஒலியாக்க ஒரு வழி உண்டு. சாம்பிளைப் பின்னிருந்து முன்னாக ஓட்டுவதே அது. அப்போது ஒலி ஒன்றுமில்லாமையிலிருந்து எழுந்து பெருகி, சட்டென அறுந்து நிற்கும். கையால் வாசிக்கும் பியானோவில் இது நடவாது. கடிதத்திலிருந்து பழைய நாளுக்குக் காட்சி மாறும் இடத்தில் நான்கு வினாடிச் சுரக்கூட்டு ஒன்றை இவ்வாறு திருப்பி, அது அறும் முனையைக் காட்சி மாறும் படத்தோடு பொருத்தினேன். ஒரு படத்தில் இதை ஒரு முறைக்குமேல் செய்தால் வித்தை காட்டுவதாகிவிடும் என்பது என் கருத்து.

உரையாடலின்கீழ் வாசிப்பதே எல்லாவற்றினும் கடினம். மனிதக் குரல் பெரும்பாலும் பியானோவின் நடுப்பகுதியிலேயே உலவுகிறது; சுத்தியல் தட்டும் கூர்மை மெய்யெழுத்துகளை விழுங்கிவிடுகிறது. ஆகவே நடுக்கட்டைகளைக் காலியாக விட்டு, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் இடையிலுள்ள மூச்சில் மட்டும் தட்டவேண்டும். கீழ்ப்பகுதியில் சுரங்களை நெருக்கி வைத்தால் சேறுபோல் குழம்பும். எட்டாம் சுரமோ ஐந்தாம் சுரமோ இடைவிட்டு வைத்தால் தெளியும். ஒரே சுரத்தை ஒரே வன்மையில் திரும்பத் திரும்ப ஒலிக்க விடலாகாது. ஒரே பதிவு மீண்டும் வருவதைக் காது உடனே கண்டுகொள்ளும். மென்மை வன்மையைக் குறிக்கும் 1 முதல் 127 வரையிலான எண்களில் ஓரிரண்டு முன்பின்னாக மாற்றினாலே உயிர் வந்துவிடும்.

படத்தின் இறுதியில் பெயர்கள் தோன்றும்போது பியானோவின் மிகத் தாழ்ந்த சுரமாகிய 27.5 ஹெர்ட்ஸ் ‘ஏ’யை வைத்தேன். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தராது. படத்தைக் கைப்பேசியில் காண்பவர்களே மிகுதி. ஆகவே 55, 110 ஹெர்ட்ஸிலுள்ள அதே சுரங்களையும் அதனுடன் மெல்லச் சேர்த்து, மூன்றையும் ஒன்றாகத் தேய விட்டேன்.