இறைக்கும் நீரும் எரியும் நிலக்கரியும்

விடியற்காலையில் மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு மடை திருப்பப் போகிறோம். குழாயில் நீர் கொட்டும் வரை கவலையில்லை. தமிழகத்தில் 1990 ஆம் ஆண்டு முதல் உழவர்களுக்குப் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருவதால், எத்தனை யூனிட் செலவாயிற்று என்று பார்க்கும் வழக்கமும் இல்லை. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் செலவு நிலத்தின் மீதும், காற்றின் மீதும், நம் ஊர்க் கிணறுகளின் மீதும் விழுகிறது. பயிருக்கு நீர் வேண்டும். நீரை இறைக்கச் சக்தி வேண்டும். இயற்கையைக் கெடுக்காமல் இவ்விரண்டையும் பெறுவது எப்படி என்பதை ஒரு பம்பு செட்டை வைத்தே கணக்கிட்டுப் பார்ப்போம்.

மின்சாரம் வரும் வழி

காற்று, ஆற்று நீர், சூரிய ஒளி, அணுசக்தி ஆகியவற்றிலிருந்து மின்சாரம் கிடைத்தாலும் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரியது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாராதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து சேர்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோவை எரித்தால் 30 முதல் 40 கிலோ சாம்பல் மிஞ்சுகிறது.

நெய்வேலியில் 1962 ஆம் ஆண்டு முதல் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் எடுக்கப்படுகிறது. அங்கே நிலக்கரிப் படிவத்தின் அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்துடன் நிற்கிறது. அந்த நீரை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். ஆக, நம் வயலில் நிலத்தடி நீரை இறைப்பதற்கான மின்சாரத்துக்காக, அங்கேயும் நிலத்தடி நீர் இறைக்கப்படுகிறது.

ஆழம் கூடினால் செலவும் கூடும்

ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் தேவை. மின்சக்தியில் 40 சதவீதத்தை நீரைத் தூக்கப் பயன்படுத்தும் பம்பு செட்டாக இருந்தால், ஒரு முறை பாய்ச்சுவதற்கு ஆகும் செலவு இது:

10 மீட்டர் ஆழத்திலிருந்து இறைத்தால் 14 யூனிட். நிலக்கரிக் கணக்கில் 10 கிலோ.
30 மீட்டர் ஆழத்திலிருந்து 41 யூனிட், 29 கிலோ.
60 மீட்டர் ஆழத்திலிருந்து 83 யூனிட்; 58 கிலோ.

பயிர் அதே பயிர். நீரும் அதே நீர். நீர்மட்டம் இறங்கியதால் மட்டுமே செலவு ஆறு மடங்காகிறது. தமிழகத்தின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். இங்கே பாறை இடுக்குகளில் தங்கும் நீரின் அளவு குறைவு. ஒருவர் போர் போட்டு ஆழத்துக்குப் போனால் பக்கத்துக் கிணறு வற்றுகிறது. அவரும் கடன் வாங்கி இன்னும் ஆழமாகப் போடுகிறார். இந்தப் போட்டியில் வென்றவர் எவரும் இல்லை.

உங்கள் பம்பு செட்டைச் சோதியுங்கள்

இச்சோதனைக்கு 200 லிட்டர் பிடிக்கும் ஒரு பீப்பாய், கைக்கடிகாரம், கல் கட்டிய கயிறு ஆகியவை போதும். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்ட பின் பீப்பாய் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். கயிற்றை இறக்கி, கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து நீர் கொட்டும் குழாய் வாய் வரை உள்ள உயரத்தை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். வினாடிக்கு விழும் லிட்டரை உயரத்தால் பெருக்கி 102 ஆல் வகுத்தால், நீரைத் தூக்க உண்மையில் பயன்பட்ட சக்தி கிலோவாட்டில் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, பீப்பாய் 40 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 5 லிட்டர். உயரம் 30 மீட்டர். 5 ஐ 30 ஆல் பெருக்கி 102 ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட். முழுப் பளுவில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ நாலரை யூனிட் எடுக்கும். எனவே மூன்றில் ஒரு பங்குதான் நீரைத் தூக்கியது. மீதி இரண்டு பங்கு சூடாகவும் உராய்வாகவும் வீணாயிற்று.

வீணாவதைத் தடுக்கும் வழிகள்

1. கிணற்று மேட்டில் வைத்த பம்பாக இருந்தால் அடிவால்வைக் கழற்றிப் பாருங்கள். துளைகள் குறுகியதாகவோ அடைத்தோ இருந்தால், அகன்ற துளையுள்ள தரமான வால்வாக மாற்றுங்கள்.

2. குழாயின் விட்டத்தைக் கூட்டுங்கள். அதே அளவு நீர் செல்லும்போது 2 அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டரை அங்குலக் குழாய் இருந்தால் உராய்வு இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். தேவையற்ற வளைவுகளை நீக்குங்கள்.

3. நீர் கொட்டும் குழாயைத் தொட்டிக்கு மேலே வீணாக உயர்த்தி வைக்காதீர்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் சக்தி செலவாகிறது.

4. காயில் எரிந்து பலமுறை கட்டிய பழைய மோட்டாரை மாற்றும்போது, தர முத்திரையும் நட்சத்திரக் குறியீடும் உள்ளதாக, உங்கள் கிணற்றின் ஆழத்துக்குப் பொருத்தமானதாகத் தேர்ந்தெடுங்கள். குதிரைத்திறன் கூடுதலாக இருந்தால் நல்லது என்பது தவறான எண்ணம்.

சூரிய பம்பு செட்டு: நன்மையும் எச்சரிக்கையும்

மத்திய அரசு 2019 ஆம் ஆண்டு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் மூலம் சூரிய பம்பு செட்டுகள் பரவி வருகின்றன. இதற்கு நிலக்கரியும் வேண்டாம், டீசலும் வேண்டாம், பகலிலேயே பாய்ச்சலாம். 5 குதிரைத்திறன் செட்டுக்கு ஏறத்தாழ 4.8 கிலோவாட் தகடுகள் தேவை. நல்ல வெயில் நாளில் 30 மீட்டர் ஆழத்திலிருந்து ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல் இறைக்கும். ஆனால் அதே செட்டு 100 மீட்டர் ஆழத்திலிருந்து அரை லட்சம் லிட்டர்கூடத் தராது. நீர்மட்டம் இறங்கினால் வெயிலாலும் ஈடுகட்ட முடியாது.

வெயிலுக்குப் பணம் இல்லை என்று காலை முதல் மாலை வரை ஓடவிட்டால், காற்று கெடாவிட்டாலும் கிணறு கெட்டுவிடும். புகையில்லாத சக்தி என்பதாலேயே அது இயற்கைக்குத் தீங்கில்லாத சக்தி ஆகிவிடாது.

இதற்கு ஒரு நல்ல வழியைக் குஜராத் மாநிலம் கேடா மாவட்டத்திலுள்ள டுண்டி என்னும் சிற்றூர் காட்டியது. டீசல் எஞ்சின் வைத்து இறைத்துவந்த 6 உழவர்கள், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சூரிய பம்பு செட்டுகளை நிறுவினர். பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை 2016 ஆம் ஆண்டு முதல் மின் நிறுவனத்துக்கு விற்றனர். யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு என 25 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. வெயிலும் ஒரு விளைபொருள் ஆனபோது, தேவைக்கு மேல் நீர் இறைத்தால் தமக்கே நட்டம் என்ற நிலை வந்தது. இவ்வாறு விற்கும் வசதி எல்லா ஊர்களுக்கும் இன்னும் வரவில்லை. அது வரும் வரை, நாமே ஒரு வரம்பு கட்டிக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் பயிரின் நீர்த் தேவையைக் குறையுங்கள். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுங்கள். கரும்பு, வாழை, தென்னை, காய்கறிகளுக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமையுங்கள். கிணறு வற்றும் பகுதியில் கோடையில் பயறு, எள், சிறுதானியம் போதும். இரண்டாவதாக, பம்பு செட்டின் குறைகளை நீக்குங்கள். மூன்றாவதாக, பண்ணைக் குட்டை வெட்டியும் வரப்பு உயர்த்தியும் மழை நீரை நிலத்துக்குள் இறக்குங்கள். இவற்றுக்குப் பின்னரே சூரிய பம்பு செட்டைப் பற்றி எண்ணுங்கள். அப்போது சிறிய செட்டே போதுமானதாக இருக்கும். மானிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

ஒரே நீரோட்டத்தில் கிணறு வைத்திருக்கும் பத்துப் பேர் கூடிப் பேசி, கோடையில் யார் என்ன பயிரிடுவது, எத்தனை மணி நேரம் இறைப்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது. சித்திரை மாதம் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, ஆண்டுதோறும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மோட்டார் ஓடுகிறதா என்பதை விட, நம் பிள்ளைகளுக்கும் கிணற்றில் நீர் இருக்குமா என்பதே பெரிய கேள்வி. அதற்கு அந்த நோட்டே விடை சொல்லும்.