மந்திரமில்லை, எல்லாம் கணக்கே!



"கணக்குன்னாலே எனக்குத் தலைவலி" என்று சொல்லும் பிள்ளைகள் நம் லயங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே பிள்ளைகள் திருவிழாவுக்கு வித்தைக்காரர் வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்ப்பார்கள். கணக்கையே வித்தையாகக் காட்டினால் எப்படி இருக்கும்?

இது புதிய யோசனை அல்ல. பிரான்ஸ் நாட்டுக் கணித அறிஞர் பாஷே என்பவர் 1612ஆம் ஆண்டிலேயே எண் வித்தைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தப் பாடத்தில் நாம் மூன்று வித்தைகளைப் படிப்போம். எப்படிச் செய்வது, ஏன் அப்படி வருகிறது, வீட்டுக்கு என்ன பயன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வித்தை 1: பிறந்த திகதியைச் சொல்லும் அட்டைகள்

ஐந்து காகித அட்டைகளில் இந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் அட்டை: 1, 3, 5, 7, 9, 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 29, 31
இரண்டாம் அட்டை: 2, 3, 6, 7, 10, 11, 14, 15, 18, 19, 22, 23, 26, 27, 30, 31
மூன்றாம் அட்டை: 4, 5, 6, 7, 12, 13, 14, 15, 20, 21, 22, 23, 28, 29, 30, 31
நான்காம் அட்டை: 8 முதல் 15 வரை, 24 முதல் 31 வரை
ஐந்தாம் அட்டை: 16 முதல் 31 வரை

நண்பரிடம் சொல்லுங்கள்: "நீங்க பொறந்த திகதிய மனசுக்குள்ள நெனைச்சுக்கங்க. எந்தெந்த அட்டையில அது இருக்குன்னு மட்டும் காட்டுங்க."

அவர் காட்டும் அட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் திகதி வந்துவிடும். இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய அட்டைகளைக் காட்டினால் 2 + 4 + 16 = 22. அவர் பிறந்தது 22ஆம் திகதி.

ஏன் இப்படி? கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். 1, 2, 4, 8, 16 கிலோ படிக்கற்கள் ஐந்து மட்டும் இருந்தால் போதும். 1 முதல் 31 வரை எந்தக் கிலோவையும் நிறுத்துவிடலாம். 22 கிலோவுக்கு 16, 4, 2 ஆகிய மூன்று கற்களை வைக்க வேண்டும். அதனால்தான் 22 அந்த மூன்று அட்டைகளில் மட்டும் இருக்கிறது. ஒவ்வோர் அட்டையும் ஒரு படிக்கல்!

வித்தை 2: மறைந்த இலக்கம்

இதை நீங்கள் திரும்பி நின்றுகொண்டு செய்ய வேண்டும்.

1. நண்பர் நான்கு இலக்க எண் ஒன்றை எழுதட்டும். உதாரணம்: 7,352.
2. அதே இலக்கங்களை இடம் மாற்றி வேறோர் எண் எழுதட்டும்: 2,537.
3. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கட்டும்: 4,815.
4. விடையில் ஓர் இலக்கத்தை வெட்டிவிட்டு, மற்றதை எந்த வரிசையிலும் சொல்லட்டும். பூச்சியத்தை மட்டும் வெட்டக்கூடாது.

அவர் 8ஐ வெட்டிவிட்டு "5, 1, 4" என்கிறார். நீங்கள் கூட்டுங்கள்: 10. அதற்கு மேல் வரும் ஒன்பதாம் வாய்ப்பாட்டு எண் 18. 18இல் 10 போனால் 8. "நீங்க வெட்டுனது எட்டு!" என்று சொல்லுங்கள். மீதி இலக்கங்களின் கூட்டுத்தொகையே 9 அல்லது 18 ஆக இருந்தால் வெட்டியது 9.

காரணம் இதுதான். 10 ரூபாவை ஒன்பது பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 1 ரூபா, மீதி 1. 100 ரூபாவானால் ஆளுக்கு 11, மீதி 1. 1,000 ரூபாவானால் ஆளுக்கு 111, அப்போதும் மீதி 1. ஆகவே 7,352இல் ஏழு ஆயிரத்துக்கு 7, மூன்று நூறுக்கு 3, ஐந்து பத்துக்கு 5, கடைசியில் 2 என்று மிஞ்சும். மிஞ்சுவது அந்த எண்ணின் இலக்கங்களேதான்! இலக்கங்களை இடம் மாற்றினாலும் மிஞ்சுவது மாறாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது மிச்சம் இரண்டும் அடிபட்டுப் போகும். வரும் விடை எப்போதும் ஒன்பதால் சரியாகப் பிரிபடும். அப்படிப்பட்ட எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும் 9, 18, 27 என்றுதான் வரும்.

கடைக் கணக்கில் ஒன்பது

கடைச் சீட்டில் 460, 385, 1,240, 275 என்று நான்கு தொகைகள். மொத்தம் 2,360 என்று போட்டிருக்கிறார்கள். சரியா?

ஒவ்வொரு தொகையின் இலக்கங்களையும் ஓர் இலக்கம் வரும்வரை கூட்டுங்கள். 460க்கு 10, பிறகு 1. 385க்கு 16, பிறகு 7. 1,240க்கு 7. 275க்கு 14, பிறகு 5. இவற்றின் கூட்டு 1 + 7 + 7 + 5 = 20, பிறகு 2. மொத்தமான 2,360க்கு 11, பிறகு 2. இரண்டும் ஒன்றாக இருப்பதால் சோதனையில் தேறியது. 2,460 என்று எழுதியிருந்தால் 3 வந்திருக்கும். பிழை என்று உடனே தெரிந்திருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனையில் தேறாவிட்டால் கணக்கு நிச்சயம் பிழை. தேறினால் நிச்சயம் சரி என்று சொல்ல முடியாது. 2,360ஐ 2,630 என்று இலக்கம் மாற்றி எழுதினாலும் அதே 2தான் வரும்.

ஆனால் இந்தக் குறையே நமக்கு இன்னொரு விதத்தில் உதவும். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் பிரிபடும். தினமும் பறித்த கொழுந்தின் நிறையை நம் கொப்பியிலும் எழுதி வைத்தால் மாதக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த கிலோவை முதலில் தனியாக எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் நம் கொப்பியில் 512 கிலோ, சம்பளச் சீட்டில் 494 கிலோ என்றால் வித்தியாசம் 18. இது ஒன்பதின் இருமடங்கு. அப்படியானால் இலக்கங்களுக்கிடையே 2 வித்தியாசம் உள்ள ஒரு நாள் நிறையைத் தேடுங்கள். 31 என்பது 13 ஆகியிருக்கலாம். 42 என்பது 24 ஆகியிருக்கலாம். இல்லாவிட்டால் இரண்டு நாட்களில் 9, 9 ஆகக் குறைந்திருக்கலாம். 32 என்பது 23 ஆவது போல. எல்லா வித்தியாசமும் இப்படி வருவதில்லை. ஆனால் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

"எங்க கிலோவக் கொறைச்சிட்டாங்க" என்று கோபப்பட்டால் பேச்சு வளரும். "கிளாக்கர் ஐயா, 14ஆம் திகதி 31 கிலோ, இங்க 13ன்னு விழுந்திருக்குங்க" என்று கொப்பியைக் காட்டினால் திருத்தக் கேட்பது சுலபம். வேண்டுமென்றே செய்ததா, கை தவறியதா என்பதை அறியவும் இது உதவும். பிழை நம் கொப்பியில்கூட இருக்கலாம் அல்லவா?

வித்தை 3: அடையாள அட்டை பேசுகிறது

தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கத்தில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில் வரும். அடுத்த மூன்று அதே முறைதான்.

நண்பர் பழைய அட்டையின் முதல் ஐந்து இலக்கங்களை மட்டும் சொல்லட்டும்: 68632. ஆண்டு 1968. 632 என்பது 500ஐவிடக் கூட, ஆகவே பெண். 500 போனால் 132ஆவது நாள். ஏப்ரல் முடிய 121 நாள். 132இல் 121 போனால் 11. "அக்கா, நீங்க பொறந்தது மே 11!" எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கிட வேண்டும். முழு இலக்கத்தையும் பலர் முன்னால் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

இன்றிரவே வீட்டில் எல்லோருடைய அட்டையையும் பிறப்புப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திகதி ஒத்துவராவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். சேமலாப நிதி எடுக்கப் போகும் நாளில் தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

வித்தை காட்டுவோருக்கு

ஒரே வித்தையை ஒரே கூட்டத்தில் இரண்டு முறைக்கு மேல் காட்டாதீர்கள். தனியாகப் பலமுறை செய்து பழகிய பிறகே காட்டுங்கள். "எப்புடிண்ணே கண்டுபுடிச்சீங்க?" என்று தம்பி தங்கைகள் கேட்டால், கொஞ்ச நேரம் யோசிக்க விடுங்கள். பிறகு மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

பயிற்சி

1. வித்தை 2இல் நண்பர் 6, 2, 7 என்கிறார். வெட்டிய இலக்கம் எது?
2. 315, 540, 1,155 ஆகியவற்றின் மொத்தம் 2,110 என்று கடைச் சீட்டில் உள்ளது. ஒன்பதுச் சோதனை என்ன சொல்கிறது?
3. புதிய அட்டை இலக்கம் 1975061 என்று தொடங்குகிறது. ஆணா, பெண்ணா? எந்தத் திகதி?

விடைகள்: (1) 3. (2) தொகைகளுக்கு 3, மொத்தத்துக்கு 4, ஆகவே பிழை. சரியான மொத்தம் 2,010. (3) ஆண், 1975 மார்ச் 1.