படம் அனுப்பாதீங்க, வேலை அனுப்புங்க: ஜவ்வாது மலையிலிருந்து ஒரு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சிகளா, தம்பிகளா, ஆன்லைன்ல கிடைச்ச நட்பு ஏன் கொஞ்ச நாள்லயே வத்திப் போயிடுதுன்னு நிறைய பேர் என்கிட்ட கேட்கறீங்க. எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான். நாம எல்லாருமே செஞ்சு முடிச்சதைத்தான் அனுப்பறோம். போட்டு முடிச்ச கோலம், தட்டுல வெச்ச சோறு, எடிட் பண்ணின போட்டோ. பார்க்கறவங்களுக்கு அதுல செய்ய எதுவும் மிச்சமில்லை. ஒரு ஹார்ட் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடறாங்க. அதுக்குப் பதிலா, அவங்களும் அன்னைக்கே கையால செய்யற மாதிரி ஒரு சின்ன வேலையை அனுப்பிப் பாருங்க. நட்பு நிக்கும்.

மார்கழிக் கோலத்துலயிருந்தே ஆரம்பிக்கலாம். முதல் நாள் ராத்திரி குழுவுல புள்ளிக் கணக்கை மட்டும் போடுங்க: இடைப்புள்ளி, 15 புள்ளி, 8 வரை. அவ்வளவுதான், மாதிரிப் படம் கூடாது. காலையில எட்டு மணி வரைக்கும் யாரும் படம் போடக் கூடாதுன்னு ஒரு விதி வெச்சுக்கோங்க. எட்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து போடும்போது பாருங்க, ஒரே கணக்குல ஒருத்தி தாமரை இழுத்திருப்பா, ஒருத்தி மயில் கொண்டு வந்திருப்பா, ஒருத்தி நடுவுல சிக்கிக்கிட்டு ரெண்டு புள்ளியை அநாதையா விட்டிருப்பா. அந்த ரெண்டு புள்ளியை எப்படிச் சேர்க்கறதுன்னு பேச ஆரம்பிச்சா மதியம் வரைக்கும் பேச்சு ஓடும். அபார்ட்மென்ட்ல வாசல் இல்லாதவங்க கட்டம் போட்ட நோட்டுல போடலாம். மாவு, கலர்ப்பொடி எதுவும் தேவையில்லை.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது, வானம். எங்க மலையில இருக்கற காவலூர் வானாய்வகத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. கடல் மட்டத்துல இருந்து சுமார் 725 மீட்டர் உயரம். 2.34 மீட்டர் கண்ணாடி வெச்ச பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கு. 1986 ஜனவரியில அதுக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவோட பேரை வெச்சாங்க. அவர்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த வானியலாளர். இருட்டான வானம் வேணும், தெற்கே இருக்கற நட்சத்திரங்களும் தெரியணும்னு தேடித்தான் இந்தக் காட்டுக்கு வந்தார். அந்தப் பேர் வைக்கறதுக்கு முன்னாடியே, 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி கடந்து போச்சு. பறக்கற விமானத்துல இருந்து ஒரு குழு, காவலூர்ல இருந்து ஒரு குழுன்னு உலகத்துல பல இடங்கள்ல அதையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. மறைவுக்கு முன்னாடியும் பின்னாடியும் அந்த நட்சத்திரத்தோட ஒளி விட்டு விட்டு மங்கினதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருக்குன்னு உறுதியாச்சு. தூரத்துல இருக்கறவங்க ஒரே விஷயத்தைப் பார்த்துக் குறிப்பைப் பகிர்ந்துக்கறதுல எவ்வளவு பலம் இருக்குன்னு எனக்குப் புரிய வெச்சது இதுதான்.

இதையே நாம மொட்டை மாடியில செய்யலாம், தொலைநோக்கி வேண்டாம். கையை நல்லா நீட்டி முஷ்டியை மடக்கினா, அதோட அகலம் வானத்துல ஏறத்தாழ பத்து டிகிரி. மார்ச் மாசம், அமாவாசையை ஒட்டின ஒரு ராத்திரி, எட்டரை மணிக்கு வடகிழக்கைப் பாருங்க. சப்தரிஷி மண்டலம் மேலே ஏறி வந்திருக்கும். அதோட கிண்ணத்துல வெளி ஓரத்து ரெண்டு நட்சத்திரத்தையும் இணைச்சுக் கோடு இழுத்தா, துருவ நட்சத்திரத்துல போய் நிக்கும். அடிவானத்துல இருந்து அது எத்தனை முஷ்டி உயரம்னு எண்ணுங்க. எங்க மலையில ஒரு முஷ்டியும் ஒரு விரலும்தான். டொரன்டோவுல இருக்கற தோழிக்கு நாலு முஷ்டிக்கு மேல வரும், லண்டன்ல அஞ்சு. சிங்கப்பூர்ல அது அடிவானத்தோட ஒட்டிக்கிட்டிருக்கறதால கண்ணுக்கே படாது. முஷ்டிக்குப் பத்து டிகிரின்னு கணக்குப் போட்டா, நீங்க எண்ணினது ஏறத்தாழ உங்க ஊரோட அட்சரேகை.

அப்புறம் தெற்கே திரும்புங்க. சிரியஸ் நட்சத்திரத்துக்குக் கீழே பளிச்சுன்னு ஒண்ணு நிக்கும், அதுதான் அகத்தியர் நட்சத்திரம். நமக்கு ரெண்டு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. லண்டன்லயும் டொரன்டோவுலயும் அது உதிக்கறதே இல்லை. சிட்னியில இருக்கறவங்களுக்கு வானத்துல ரொம்ப உயரத்துல நிக்கும். ஆளாளுக்கு அவங்க ஊர் எட்டரை மணிக்குப் பார்த்து, எண்ணிக்கையை மட்டும் குழுவுல போடுங்க. பசங்களைக் கூட வெச்சுக்கிட்டுச் செய்யுங்க, பூமி உருண்டைங்கறது பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வந்துடும்.

கண்ணு இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும். நடுவுல ஒரு தடவை போன் வெளிச்சத்தைப் பார்த்தா மறுபடியும் முதல்ல இருந்துதான். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுத்திக்கோங்க. போன்ல படம் எடுக்க ஆசைப்பட்டா, ப்ரோ மோடுல ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 15 விநாடி, டைமர் 3 விநாடி வெச்சு, போனை ஒரு கல்லுல அசையாம சாய்ச்சு வைங்க. கையில பிடிச்சா ஒண்ணும் தேறாது.

சமையலுக்கு எங்க ஊர்ச் சாமை. ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே அளவு, ஆளுக்கொரு பக்குவம்னு வெச்சுக்கோங்க. வெளிநாட்டுல லிட்டில் மில்லட்னு கேட்டு வாங்கலாம். சாமையில பொடிக்கல் இருக்கும், தண்ணியில போட்டு அரிச்சு எடுத்துட்டு அரை மணி நேரம் ஊற வைங்க. ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. சோறு உதிரியா வேணும்னா, அடுப்பை அணைச்சு பத்து நிமிஷம் மூடியே வெச்சுட்டு அப்புறம் கிளறுங்க. சாமையோட மலைத்தேனும் வாங்கினவங்க தேன் உறைஞ்சு போச்சுன்னு பயப்படாதீங்க, நல்ல தேனும் உறையும். ஆனா ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு எந்தத் தேனும் நாக்குல கூட வைக்கக் கூடாது.

குழு சின்னதா இருக்கட்டும், ஏழெட்டுப் பேர் போதும். 'சூப்பர்'னு ஒத்தை வார்த்தை போடறதை விட ஒரு கேள்வி கேளுங்க. "இந்தக் கோட்டை எங்கே ஆரம்பிச்சே?"ன்னு கேட்டா அனுப்பினவளுக்கு நாள் முழுக்க சந்தோஷம். ஃபார்வர்டுக்கு இடம் கொடுக்காதீங்க. வீட்டு முகப்பு, பசங்க யூனிஃபார்ம், ஊர்ப்பேர்ப் பலகை இதெல்லாம் படத்துல விழாம பார்த்துக்கோங்க. எவ்வளவு நெருங்கின தோழியா இருந்தாலும், நேர்ல பார்க்காதவங்க அவசரம்னு பணம் கேட்டா, வீடியோ கால்ல முகத்தைப் பார்த்துப் பேசாம அனுப்பவே அனுப்பாதீங்க. ஏமாந்துட்டா வெட்கப்பட்டுக்கிட்டு உட்கார வேண்டாம், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்க.

குழுவோட நேர்ல சந்திக்கணும்னா எங்க மலைக்கு வாங்க. ஆனா அதுவே முதல் சந்திப்பா இருக்க வேண்டாம். முதல் தடவை உங்க ஊர்லயே ஜனங்க நடமாடற இடத்துல பார்த்துக்கோங்க. மலை மேல இருக்கற ஜமுனாமரத்தூருக்குப் போளூர் வழியாவும் ஏறலாம், ஆலங்காயம், காவலூர் வழியாவும் ஏறலாம். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மேப்பைக் கீழேயே டவுன்லோடு பண்ணிட்டு, எப்போ இறங்குவீங்கன்னு வீட்டுல சொல்லிட்டு வாங்க. காவலூர்ல பொதுமக்களுக்கான நாள், நேரத்தை முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க. ராத்திரியில அந்தப் பக்கம் ஃபிளாஷ் அடிக்காதீங்க. மலைக்கிராமங்கள்ல ஆட்களையும் வீடுகளையும் கேட்காம படம் எடுக்கறதை நான் கடுமையா எதிர்க்கறேன். சாமையோ புளியோ தேனோ, அவங்ககிட்ட நேரா வாங்குங்க, பேரம் பேசாதீங்க.

வர்றதுக்கு நல்ல காலம் தை மாசம். மழை முடிஞ்சு காடு பசுமையா இருக்கும், பீமன் அருவியிலயும் தண்ணி மிச்சம் இருக்கும். அதோட, 2015-ல இருந்து வருஷா வருஷம் பொங்கல் விடுமுறையில நாலு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. நிபுணரா இருக்கணும்னு இல்லை. ஒரே இடத்துல குறைஞ்சது கால் மணி நேரம் நின்னு, கண்ணுல பட்ட மைனா, கரிச்சான், செண்பகம், தேன்சிட்டு எல்லாத்தையும் எண்ணி இ-பேர்டு (eBird) செயலியில ஏத்தணும். கூடு பார்த்தா மட்டும் இடத்தைச் சொல்லாதீங்க, படமும் போடாதீங்க. மலைக்கு வர முடியாதவங்க உங்க வீட்டு மாடியில நின்னு எண்ணுங்க, காக்காவும் கணக்குல உண்டு. வர்ற பொங்கலுக்கு உங்க குழுவுல ஆளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி வைங்க. செயலி இலவசம்.