கோடை ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுக்கு

மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டம், மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தின் வி.எஸ்.ஆர்.பி., பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தின் கோடைத் திட்டம் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்று வாசல்கள் பல. இரண்டு மாதம் போல ஒரு நல்ல ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம். கைச்செலவுக்கும் ஏதோ தருவார்கள். மதிப்பெண் பட்டியலை எல்லோரும்தான் இணைக்கிறார்கள். ஆள் யார் என்று காட்டுவது கூடவே கேட்கிற அந்தச் சின்னக் கட்டுரைதான். மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியே கண்ணாடி பவர் ஏறிப்போன ஒரு வாத்தியார் சொல்கிறேன், கேளுங்கள்.

1. "சிறு வயது முதலே அறிவியலில் எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். படிக்கிறவர் அன்றைக்கு அதை எத்தனையாவது முறையாகப் படிக்கிறாரோ! கனவு காணச் சொன்ன அப்துல் கலாமையும் விட்டுவிடுங்கள். அவருக்கு உங்கள் பரிந்துரை தேவையில்லை.

2. ராமானுஜனையும் மேற்கோள் காட்ட வேண்டாம். ஆனால் 1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். விண்ணப்பம் எழுத அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தா, ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. இவ்வளவும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது, புலம்பல் கிடையாது. சீக்கிரமே ஹார்டியின் நூலுக்கே வந்துவிடுகிறார். 36ஆம் பக்கத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்குத் திட்டமான கோவை இதுவரை கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது என்கிறார். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அந்தக் கோவை அவர் நினைத்த அளவுக்குத் துல்லியமானதில்லை என்று பின்னால் தெரிந்தது. அதற்காக ஹார்டி கடிதத்தைத் தூக்கிப் போடவில்லையே. எழுதுகிற ஆள் தன் நூலைப் பக்கம் தவறாமல் படித்திருக்கிறார், கையில் இருப்பதை மேசைமேல் எடுத்து வைக்கிறார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

3. நம்மிடம் தேற்றம் எங்கே இருக்கிறது என்பீர்கள். கையால் செய்த ஒரு சோதனை இருக்கும் அல்லவா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது சி.வி. ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒன்றுபோல இல்லாதது கண்ணில் பட்டது. அது 1906இல் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் கட்டுரையாக வந்தபோது அவருக்கு வயது 18. ஸ்பெக்ட்ரோமீட்டர் உங்கள் கல்லூரியிலும் இருக்கிறது. உங்கள் ரெக்கார்டு நோட்டில் விடை சரியாக வராத சோதனை எது, ஏன் வரவில்லை, காரணம் தேட என்ன செய்து பார்த்தீர்கள்? அதை எழுதுங்கள். ரீடிங் வராவிட்டால் சீனியர் நோட்டைப் பார்த்து நிரப்பும் வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. அப்படி நிரப்பியவர்களுக்கு இந்த இடத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

4. "வானியற்பியலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன்" என்பதை வைத்துக்கொண்டு ஒரு வழிகாட்டி என்ன செய்வார்? எட்டு வாரத்தில் முடிகிற அளவுக்குக் கேள்வியைக் குறுக்குங்கள். கொடைக்கானல் ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன; அவற்றைக் கணினியில் பார்க்கும்படி மாற்றியும் வைத்திருக்கிறார்கள். "சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் கரும்புள்ளிகள் தோன்றும் இடம் நடுக்கோட்டுக்கு அருகே வந்துகொண்டே இருக்கும் என்று படித்தேன். ஒரே ஒரு சுழற்சியை எடுத்து அந்தப் படங்களில் அதை அளந்து பார்க்க ஆசை. பைத்தான் ஓரளவு வரும். புள்ளிகளை நிரலே கண்டுபிடிக்கும்படி எழுத வராது." இப்படி ஒரு பிள்ளை எழுதினால் எந்த வழிகாட்டியும் நிமிர்ந்து உட்காருவார். அந்த "வராது" என்பதை வெட்கப்பட்டு அடித்துவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் என்ன கற்றுத்தரலாம் என்று அவர் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

5. நிறுவனத்தைப் புகழ வேண்டாம். அது புகழ்பெற்றது என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

6. வீட்டுக் கஷ்டத்தை மறைக்கவும் வேண்டாம், அதிலேயே உருகவும் வேண்டாம். கல்லூரியில் கருவி இல்லையென்றால், இருந்ததை வைத்து எப்படிச் சமாளித்தீர்கள் என்று இரண்டு வரி போதும். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் முதலில் அறைத்தோழனிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவன் "புரியலடா" என்கிற இடத்தில் உங்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம். தெளிந்த பிறகு சின்னச் சின்ன வாக்கியமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதி வாங்கினால் ஒரே விடுதியிலிருந்து நாலு பேரும் ஒரே "ஆழ்ந்த ஈடுபாட்டோடு" விண்ணப்பிப்பீர்கள்.

7. பரிந்துரைக் கடிதத்துக்குக் கடைசி நாள் சாயங்காலம் சாரைத் தேடி ஓடாதீர்கள். கட்டுரையின் நகலைப் பத்து நாள் முன்பே கொடுத்துவிட்டால், நீங்கள் சொன்ன சோதனையைப் பற்றியே அவரும் நாலு வரி எழுத முடியும். உங்கள் பெயரும் வகுப்பும் மட்டும் தெரிந்த துறைத்தலைவரைவிட, ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று பார்த்த இளைய ஆசிரியரின் கடிதமே மேல். எச்.ஓ.டி. கோபித்துக்கொள்வாரே சார் என்பீர்கள். கோபிப்பார். செமஸ்டர் முடிவதற்குள் ஆறிவிடும்.